எதிர்க்கட்சித் தலைவரும் இரண்டாவது ஷிப்டும்

1. எம்.டி. அறை

"வேலாயுதம், லண்டன்ல இந்த எதிர்க்கட்சித் தலைவர் ஜெயிப்பாரா, மாட்டாரா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

எங்கள் எம்.டி. இப்படிக் கேட்டபோது அவருடைய மேசையில் நூல் மில்லிலிருந்து வந்த கொட்டேஷன் கிடந்தது. அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி முதலாளிக்கு இங்கிலாந்து எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். ஏற்றுமதி வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். நம் ஊர் வேலையின் தலையெழுத்தை எங்கோ ஓர் ஊரில் யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நம் ஊர் இருப்பதே தெரியாது.

நாங்கள் செய்தது ஸ்வாப். ஆப்பரேஷன் செய்யும்போது ரத்தத்தை ஒற்றி எடுக்கும் காஸ் என்கிற மெல்லிய வலைத்துணியின் மடிப்பு. அதற்குள் நீல நூல் ஒன்று ஓடும். டாக்டர் மறந்துபோய் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டாலும் எக்ஸ்ரேயில் அந்த நூல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்துக்குப் போகும் சரக்கை ஐந்து ஐந்தாகச் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்ட வேண்டும். அந்தக் கட்டும் எண்ணிக்கையும் முழுக்கப் பெண்கள் கையில். அவர்களுக்காகவே இரண்டாவது ஷிப்ட் ஒன்று ஓடியது.

சரக்கு வாங்கியவர் கிரஹாம் என்கிற வெள்ளைக்காரர். அங்கேயிருக்கும் அரசு மருத்துவமனைகளுக்கு சப்ளை செய்பவர். தேர்தல் அறிவித்ததும் அவரிடமிருந்து மெயில் வந்தது. தேர்தல் முடியும்வரை எந்த மருத்துவமனையும் புது ஆர்டரில் கையெழுத்துப் போடாது. எதிர்க்கட்சி வந்தால், ஆப்பரேஷனுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையைக் குறைக்கச் சாயங்காலமும் சனி, ஞாயிறும் ஆப்பரேஷன் தியேட்டரைத் திறப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படித் திறந்தால் ஸ்வாப் கூடுதலாக வேண்டும். பழைய ஆட்சியே தொடர்ந்தால் உள்ள ஆர்டரும் குறையலாம். மெயிலின் சாரம் இவ்வளவுதான். நம்மூர்க் கணக்கில் சொன்னால், அந்த ஆள் ஜெயித்தால் இரண்டாவது ஷிப்ட் இருக்கும், தோற்றால் இருக்காது. நூலை இப்போதே வாங்கினால்தான் ஜெயித்த பிறகு சரக்கு கொடுக்க முடியும். தோற்றுவிட்டால் அந்த நூல் குடோனில் கிடந்து எலிக்கு மெத்தையாகும்.

இந்தச் சிக்கலான கேள்விக்கு எம்.டி. என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கம்பெனியில் இங்கிலாந்து என்றால் நான்தான். கிரஹாமின் மெயிலுக்குப் பதில் போடுவதும் தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும்வரை டாகுமென்டுகளைப் பார்ப்பதும் என் வேலை. அந்த ஒரே தகுதியில் பவுண்டு மதிப்பு, அரண்மனைச் சண்டை, லண்டன் மழை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் அந்த நாட்டை மிதித்ததில்லை. ஒருமுறை எடுத்த பாஸ்போர்ட்டும் ஒரு முத்திரைகூட வாங்காமல் கன்னியாகவே காலாவதியானது. அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

"ஜெயிக்க மாட்டார் சார்," என்றேன்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாலு நாளாக யூடியூபில் பார்த்துச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து விட்டேன். முதலாவது, மழை. பிரதமர் கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டே தேர்தலை அறிவித்தார். ஒரு தலைவர் நமக்காக மழையில் நனைந்தால் நம் ஜனங்கள் உருகிவிட மாட்டார்களா? அந்த அனுதாபம் ஒன்றே போதும். இரண்டாவது, எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சு. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, பேங்க் மேனேஜர் டெபாசிட் விதிமுறைகளை விளக்குகிற மாதிரி பேசுகிறார். கிரேனில் தொங்கவிட்ட ஆப்பிள் மாலை இல்லை, ஒரு வெடிச் சத்தம் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். கூட்டணியே இல்லை. நாடு முழுக்கத் தனியாக நிற்கிறார். எந்தச் சின்னக் கட்சிக்கும் இரண்டு சீட்டுகூடத் தரவில்லை. சின்னக் கட்சியை அனுசரிக்கத் தெரியாதவன் எப்படி ஜெயிப்பான்?

"கிரஹாம்கிட்டயும் விசாரிச்சேன் சார். தெருவுல ஒரு கொடி இல்ல, மைக் செட் ஆட்டோ இல்ல. கதவிடுக்குல ஒரு நோட்டீஸ் போட்டுட்டுப் போனாங்களாம், அம்புட்டுதான்."

"கருத்துக்கணிப்பு எல்லாம் அவருதான் வருவாருன்னு சொல்லுதே?"

"கருத்துக்கணிப்பை நம்பி நூல் வாங்குவீங்களா சார்?"

எம்.டி. பேப்பர் வெயிட்டை உருட்டுவதை நிறுத்தினார். "அப்ப தோத்துருவாருன்னு அடிச்சுச் சொல்றீங்க?"

"கல்வெட்டே வெட்டலாம்."

"ரொம்ப சந்தோஷம், வேலாயுதம்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வெளியே வரும்போதே போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது ஷிப்டை மூடுவதற்கான ஏற்பாடு என்று நினைத்தேன். ஒரு நஷ்டத்திலிருந்து கம்பெனியைக் காப்பாற்றிய பெருமையோடு கேன்டீனில் போய் டீ குடித்தேன். அன்றைக்கு வடையும் நன்றாக இருந்தது.

2. நட்சத்திரம் தெரியாத ஆள்

பேச்சியம்மாள் இரண்டாவது ஷிப்டின் பேக்கிங் சூப்பர்வைசர். அவளுடைய வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து வந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கை, காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதை முடித்து, அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு மதிய வேனில் ஏறுவாள். அவளுக்குக் கீழே இருந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வருகிறவர்கள். முதல் ஷிப்ட் விடிந்ததும் தொடங்கிவிடும். அதில் வா என்றால் இவர்கள் யாராலும் வர முடியாது.

முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்வாள் என்கிற நல்லெண்ணத்தில் நானே அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு நல்லெண்ணம் வருகிற நாட்களில் யாருக்காவது கெட்ட காலம் தொடங்கும்.

"ஷிப்டை மூடப் போறாகளா? எதுக்கு சார்?"

விளக்கினேன். மருத்துவமனை, காத்திருக்கும் வரிசை, எதிர்க்கட்சித் தலைவர், அவர் ஏன் தோற்பார் என்பது வரை. அவள் சிவப்பு நூலைக் கையில் சுற்றியபடியே கேட்டாள்.

"அவரு ஜெயிச்சா நம்ம ஷிப்டு இருக்குமா?"

"இருக்கும். ஆனா ஜெயிக்க மாட்டாரு."

"அதை நீங்க சொல்லுதீக. சாமி சொல்லலையே." பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏட்டி மாரியம்மா, வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போவோம். ஒரு அர்ச்சனை இருக்கு." பிறகு என்னிடம், "சார், நீங்களும் வரணும். அவிய பேரு எங்க வாயில நொழையாது," என்றாள்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். தட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கோபுர வாசலில் ஐந்தாறு பெண்கள் தேங்காய், பழத் தட்டோடு நின்றார்கள். ஒருத்தியின் தோளில் துளசி மாலை வேறு தொங்கியது. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்.

"யார் பேருக்கு? கோத்திரம், நட்சத்திரம் சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெயரைச் சொன்னேன். அர்ச்சகர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. ஆள் வெளியூர்."

"எந்த ஊர்?"

"லண்டன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, பிரார்த்தனை என்ன? விவாகமா, உத்தியோகமா?"

"உத்தியோகம்தான் சாமி," என்று பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "பிரதமர் உத்தியோகம்."

அர்ச்சகர் பல ஊர் ஆட்களைப் பார்த்தவர். முகம் மாறவில்லை. "நட்சத்திரம் தெரியலேன்னா பெருமாள் பேருக்கே பண்ணிடறேன். அவர் பார்த்து யாருக்கு வேணுமோ கொடுக்கட்டும்," என்று சொல்லி உள்ளே போனார்.

நான் அங்கே நின்ற கோலத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த ஆள் தோற்பார் என்று எம்.டி.யிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தவன், அவர் ஜெயிக்க வேண்டும் என்று தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உதடு விடாமல் அசைந்துகொண்டிருந்தது. கண் ஓரம் ஈரமாக இருந்தது. அவள் வேண்டியது எவனோ ஒரு தலைவனுக்காக இல்லை, ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு கையால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்காக. என் கணிப்பு ஒன்று பொய்த்துப் போகட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஆசைப்பட்டது அப்போதுதான். மனம் உண்மையாகவே வலித்தது.

3. "அதுலயே நில்லுங்க"

அந்த வலியில்தான் மறுபடி எம்.டி. அறைக்குப் போனேன். கணிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ஷிப்டை மூடுவதைத் தள்ளிப் போடுவார் என்பது என் திட்டம்.

"சார், இன்னொரு தடவை யோசிச்சுப் பாத்தேன். ஒருவேளை அந்த எதிர்க்கட்சித் தலைவர் ஜெயிச்சாலும் ஜெயிச்சுருவாரு."

எம்.டி. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். முகம் வெளுத்துப் போனது.

"என்ன வேலாயுதம், விளையாடுறீங்களா? தோப்பாருன்னுதானே சொன்னீங்க? கல்வெட்டு வெட்டலாம்னீங்களே!"

"சொன்னேன் சார். ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். மழை, கூட்டணி, ஆப்பிள் மாலை, எம்புட்டு சொன்னீங்க! அத்தனையும் இப்ப என்ன ஆச்சு? மாறிப்போச்சா?"

"மாறல சார்."

"அப்ப தோப்பாரு. அதுலயே நில்லுங்க. இப்பப் போய் மாத்திச் சொல்லி என் வயித்துல புளியைக் கரைக்காதீங்க." ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "ஏமண்டி, வாய் தவறிகூட அவர் ஜெயிப்பாருன்னு இனிமே சொல்லிராதீங்க." பதற்றம் வந்தால்தான் அவர் வாயில் தெலுங்கு எட்டிப் பார்க்கும்.

ஒரு முதலாளி தன் மேனேஜரின் வார்த்தையை இவ்வளவு நம்புவாரா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யலாமா? "தோப்பாரு சார், சந்தேகமே இல்ல," என்று மறுபடி உறுதி கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெருமூச்சு விட்டது கதவுக்கு வெளியேயும் கேட்டது.

அந்த வாரம் நூல் லாரி ஒன்று வந்து குடோனில் இறக்கியது. வேறு ஆர்டருக்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஷிப்டை மூடும் நோட்டீஸ் போர்டில் இன்னும் ஒட்டவில்லை. எம்.டி.க்கு இரக்க குணம், தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். எதைப் பார்த்தாலும் உடனே விளக்கம் சொல்லிவிடுவது என் பிறவிக் குணம்.

4. முடிவு வந்த காலை

அங்கே வியாழக்கிழமை ஓட்டுப்போட்டார்கள். நமக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போது போனைத் திறந்தேன். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயித்திருந்தார். சும்மா இல்லை, மூச்சுமுட்ட ஜெயித்திருந்தார். நான் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடாமல் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் தொடங்க நேரம் இருந்தும் பேச்சியம்மாள் அன்று காலையிலேயே கேட்டில் நின்றாள். பால்கோவா பொட்டலத்தைப் பிரித்து என் வாயிலேயே ஊட்டிவிட்டாள். "அவிய ஜெயிச்சுட்டாக சார்!" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான் பால்கோவாவை விழுங்கிக்கொண்டே தலையாட்டினேன்.

ஆனாலும் எம்.டி.யின் முகத்தில் விழிக்க வேண்டுமே. ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வாங்க வேலாயுதம்!" என்று எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்கதான் காப்பாத்தினீங்க."

"சார், நான் தோப்பாருன்னுல்ல சொன்னேன்? ஜெயிச்சுட்டாரே. இப்ப சரக்கு கேட்டா நூலுக்கு எங்க போக?"

"குடோன் நிறைய நூல் கிடக்கே. நீங்க சொன்ன அன்னைக்கே போன் பண்ணிட்டேன்."

"தோப்பாருன்னு சொன்ன பிறகுமா?"

எம்.டி. கொஞ்சம் சங்கடப்பட்டார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எத்தனை வருஷமா உங்ககிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன்? முனிசிபாலிட்டி எலெக்‌ஷன்ல யாரு வருவாங்கன்னு சொன்னீங்க, வந்தாங்களா? பருத்தி விலை ஏறும்னீங்க, இறங்குச்சு. கிரிக்கெட் பைனல் அன்னைக்கு நீங்க சொன்ன டீம் என்ன ஆச்சு? நீங்க ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. அதான் பெரிய முடிவுன்னா உங்ககிட்டக் கேட்டுட்டு நேர் எதிரா செய்வேன். நீங்க நடுவுல வந்து ஜெயிச்சாலும் ஜெயிப்பாருன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல."

"நன்றி சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன். உழைத்த காலம் முழுக்க அந்த அறைக்குள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன தடவைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன.

ஆர்டர் உடனே வரவில்லை. புது ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடவே கொஞ்ச காலம் ஆனது. ஒருநாள் கிரஹாம் மெயில் போட்டார். அவர் சப்ளை செய்யும் மருத்துவமனை ஒன்று வாரக் கடைசியிலும் தியேட்டரைத் திறக்கப் போகிறது. யாரால் சீக்கிரம் சரக்கு கொடுக்க முடியும் என்று கேட்டிருந்தார். எங்களிடம்தான் நூல் இருந்தது. இரண்டாவது ஷிப்ட் தப்பித்தது.

5. மலையில்

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கௌரவமாக ஓய்வு பெற்றிருப்பேன்.

புரட்டாசி பிறக்கப் போகிற சமயத்தில் பேச்சியம்மாள் என் மேசைக்கு வந்தாள். கூடவே மாரியம்மாளும் இன்னும் நாலு பேரும்.

"சார், திருவண்ணாமலைக்கு எந்தச் சனிக்கிழமை வாரீக?"

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்கோயிலைத்தான் சொன்னாள். புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

"எதுக்கு?"

"முடி எறக்கத்தான். அர்ச்சனையோட மொட்டையும் வேண்டியிருந்தோம்லா."

"யாருக்கு மொட்டை?"

"உங்களுக்குத்தான் சார்."

எனக்குத் தலை சுற்றியது. அந்தத் தலையில் இருக்கும் முடியும் போகப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. "ஏம்மா, ஜெயிச்சது அவரு. அவருக்கு முடியும் நல்லா அடர்த்தியாத்தான் இருக்கு. அவரு வந்து போடட்டுமே."

"அவிய எப்ப வந்து மலையேற? எம்புட்டு வேலை கெடக்கும் அவியளுக்கு?"

"அப்ப நீங்க யாராவது..."

"தோப்பாருன்னு சொன்னது நீங்கதானே சார்? நீங்க அப்படிச் சொல்லலைன்னா நாங்க பயந்திருக்கவும் மாட்டோம், வேண்டியிருக்கவும் மாட்டோம். சாமி கடனை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

சனிக்கிழமை மலை அடிவாரத்தில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"என்ன வேண்டுதல் அய்யா? பேரப்பிள்ளைக்கா?"

"பிரதமருக்கு."

"டெல்லிக்கா?"

"லண்டனுக்கு."

கத்தி ஒரு நிமிடம் நின்றது. பிறகு அவர் தண்ணீரை மறுபடி தெளித்துவிட்டு வேலையை முடித்தார். பேச்சியம்மாள் தன் வீட்டுக்காரரையும் கூட்டி வந்திருந்தாள். அவர் கம்பை ஊன்றியபடி நாலு எட்டு தானாகவே நடந்து வந்து, நல்லாயிருந்த கையால் என் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டார். அந்தக் குளிர்ச்சி எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை கிரஹாமுடன் வீடியோ காலில் கன்சைன்மென்ட் கிளம்பும் தேதி பேச வேண்டியிருந்தது. அவர் என் தலையைப் பார்த்தார். தேதியைப் பேசி முடித்தார். கடைசியில்தான் தயங்கித் தயங்கி, வீட்டில் எல்லோரும் நலமா, உடம்புக்கு ஏதும் இல்லையே என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். உங்கள் பிரதமர் ஜெயிக்க வேண்டும் என்று எங்கள் பேக்கிங் பெண்கள் வேண்டிக்கொண்டார்கள், என் முடி போனது என்றேன்.

கிரஹாம் என் தலையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் அவருக்கு ஓட்டே போடவில்லை, வேலாயுதம்."

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மேலதிகாரி உங்களிடம் கருத்துக் கேட்டால், நம் அறிவைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று உடனே மார்தட்டிக்கொள்ளாதீர்கள். அவருக்கு என்ன பயன் என்று பாருங்கள். உங்கள் பேச்சால் யாருடைய சோற்றுக்கு ஆபத்து என்பதையும் பாருங்கள். இது புரிந்தபோது எனக்கு ஓய்வு பெறும் வயதாகியிருந்தது.

முடி திரும்ப வளர்ந்துவிட்டது, முன்பு போல அடர்த்தியில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன வாரம் எம்.டி. போன் செய்தார். இப்போது அங்கே பிரதமர் ஆகிவிட்ட அதே தலைவர் அடுத்த தடவையும் நிலைப்பாரா, நூல் வாங்கி வைக்கலாமா என்று கேட்டார். அவர் குரலுக்குப் பின்னால் மதிய வேன் வந்து நிற்கும் ஹாரன் சத்தமும் பேச்சியம்மாள் யாரையோ அதட்டும் சத்தமும் கேட்டன. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வாங்காதீங்க சார். இந்தத் தடவை நிச்சயம் தோத்துருவாரு," என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்," என்று போனை வைத்தார்.